கயிற்றின் இந்த முனையில் இருப்பவர்களுக்கு

காலை ஐந்தரைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் அன்பர்களுக்கு,

என் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது. 'மிளகு வீட்டுக்காரர்' என்றால் தெரியும். எனக்கும் அப்படித்தான். சீசர் அப்பா, டாலி அம்மா, பீகிள் வைத்திருக்கும் மாடிவீட்டுப் பெண் என்றுதான் உங்களை நினைவில் வைத்திருக்கிறேன். எட்டு வருடமாகத் தினமும் தலையசைத்துக்கொள்கிறோம். முறைப்படி ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டவை நம் நாய்கள் மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எனக்குக் கணுக்காலில் சுளுக்கு. நாலு நாள் மிளகைப் பக்கத்து வீட்டுப் பையன் கூட்டிப்போனான். நான் பால் பூத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பூத்தை ஒட்டி ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதல்லவா, அதன் இடதுபக்கத்துக் கால்தான் நம் பேட்டை நாய்களுக்கெல்லாம் நோட்டீஸ் போர்டு. அரைமணி நேரத்தில் பதினோரு நாய்கள் வந்தன. பதினொன்றும் மூக்கைக் கொண்டுபோய் அங்கே வைத்தன. பத்து நாய்களுக்கு, மூன்று எண்ணுவதற்குள் கழுத்தில் ஒரு வெடுக். "ச்சீ, வா!" "அங்க என்ன இருக்கு உனக்கு?" "நடடா!" ஒன்றே ஒன்று மட்டும் ஆற அமர மோந்து முடித்து, காலைத் தூக்கித் தன் பதிலையும் எழுதிவிட்டுப் போனது. அதன் கயிற்றைப் பிடித்திருந்தவர் செல்பேசியில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நாய் நின்றதையே அவர் கவனிக்கவில்லை.

இந்த மடல் மற்றப் பத்துப் பேருக்கு.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. மிளகுக்கு முன்னால் என்னிடம் பிரவுனி இருந்தாள்; லாப்ரடார். எடை கூடிவிட்டது, தினம் மூன்று கிலோமீட்டர் நடக்க வையுங்கள் என்று மருத்துவர் சொன்னார். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். கையில் அடி எண்ணும் கடிகாரம், கயிறு இரண்டு சுற்றுச் சுற்றிய முஷ்டி. ஒன்பது வருடம். அவள் எந்த முக்கில் மூக்கை இறக்கினாலும் இழுத்துக்கொண்டே போனேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

மிளகு அப்படி இழுபடுகிற ஜாதி இல்லை. ஒரு மழைநாளில் காரடியில் கிடைத்த தெருக்குட்டி அவன். பிடித்துப்போன கம்பத்தின் அடியில் நாலு காலையும் ஊன்றிவிட்டால் என் தோள்பட்டைதான் நோகும். வேறு வழியில்லாமல் நின்றேன். நிற்கிறவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்படிப் பார்க்க ஆரம்பித்து, பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்தபின், பிரவுனியை ஒன்பது வருடமும் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறேன் என்று புரிந்தது.

நாளைக்கு உங்கள் நாய் மோப்பம் பிடிக்கும்போது குனிந்து அதன் மூக்கைப் பாருங்கள். இரண்டு துளைகளும் வட்டமாக இல்லை. ஓரத்தில் இரண்டுபக்கமும் கமா போட்டதுபோல் ஒரு வெட்டு இருக்கும். காற்றை இழுப்பது முன்பக்கத் துளையால். விடுவது அந்தப் பக்கவாட்டு வெட்டு வழியாக, பின்பக்கமும் கீழ்ப்பக்கமுமாக. நாம் ஒன்றை முகர்ந்துவிட்டு மூச்சை விட்டால், வாசனையின்மேல் நம் மூச்சே போய் விழுந்து கலைத்துவிடும். நாய் விடும் மூச்சு பின்னால் போகிறது. போகிற வேகத்தில் முன்னால் இருக்கும் காற்றைத் தன் பக்கம் இழுத்தும் கொடுக்கிறது. இது நொடிக்கு ஐந்து தடவை அளவில் நடக்கிறது. நம் காதுக்குக் கேட்பது அந்த 'ஃப்ஃப்ஃப்ஃப்' மட்டும்தான்.

அமெரிக்கத் தேசியத் தர ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2016-இல் ஒரு லாப்ரடாரின் மூக்கை முப்பரிமாண அச்சில் வார்த்து, நாயைப் போலவே விட்டுவிட்டு மூச்சிழுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரே சீராக உறிஞ்சிக்கொண்டிருக்கும் கருவியோடு ஒப்பிட்டால், 10 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த பிளாஸ்டிக் மூக்கு 4 மடங்கு அதிகம் பிடித்தது. வெடிமருந்து கண்டுபிடிக்கும் கருவிகளை மேம்படுத்தத்தான் இந்தப் பாடு. கோடிக்கணக்கில் செலவழித்து மனிதன் நாயிடம் டியூஷன் படிக்கிறான். நாமோ நாயை "ச்சீ, வா" என்கிறோம்.

உள்ளே போன காற்றின் கதை இன்னும் சுவாரசியம். நமக்குச் சுவாசமும் மோப்பமும் ஒரே பாதை. நாயின் மூக்குக்குள் ஒரு சந்திப்பு இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2010-இல் அந்தப் பாதையைக் கணினியில் வரைந்து பார்த்தபோது, இழுத்த காற்றில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகிறது, ஏறத்தாழ 12 விழுக்காடு மட்டும் தனிவழியில் மூக்கின் பின்கோடியில் உள்ள ஓர் அறைக்குப் போகிறது என்று தெரிந்தது. அந்த அறை முழுக்கச் சுருள் சுருளாக மெல்லிய எலும்பு, அதன்மேல் ஈரத்தோல், தோலில் வாசனை பிடிக்கும் செல்கள். நாய் மூச்சை வெளியே விடும்போதும் அந்த அறைக் காற்று அவசரப்பட்டு வெளியேறுவதில்லை. நல்ல ஜவுளிக்கடைக்காரர் புடவையை விரித்துப் போட்டுவிட்டு நம்மை நிதானமாகப் பார்க்க விடுவதுபோல் வாசனை அங்கே தங்குகிறது.

இது போதாதென்று வாயின் மேலண்ணத்துக்கு மேலே இன்னொரு மோப்பக் கருவி. டென்மார்க்கின் லுட்விக் ஜேக்கப்சன் 1813-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இனம், பருவம், மனநிலை போன்ற உயிர்ச் செய்திகளை ஏந்திவரும் சரக்கு இந்த வழியாகப் போகிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் காலை மோந்தபிறகு உங்கள் நாய் நாக்கை அசைத்துப் பல்லை மெதுவாகத் தட்டியதைப் பார்த்திருப்பீர்கள். அருவருத்து முகம் சுளித்திருப்பீர்கள். நானும் சுளித்தவன்தான்.

அந்த இரும்புக் காலில் என்னதான் எழுதியிருக்கிறது? வந்துபோனது ஆணா பெண்ணா, சினைப்பருவமா, தெரிந்த ஆளா புதுசா, இன்றைக்கா நேற்றைக்கா என்பதெல்லாம்தான். மார்க் பெக்காஃப் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் அமெரிக்காவின் போல்டர் ஊரில் ஐந்து குளிர்காலம் தன் நாயின் பின்னாலேயே நடந்து, சிறுநீர் விழுந்த மஞ்சள் பனியைக் கையுறை போட்டு அள்ளி இடம் மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் நாய் தன்னுடையதைச் சீக்கிரம் கடந்துவிட்டது. அடுத்த நாய்களுடையதில் நின்று வாசித்தது. அக்கம்பக்கத்தார் அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்பது தனி விஷயம். இந்த எழுத்தில் கொஞ்சம் புளுகும் உண்டு போலிருக்கிறது. குட்டை நாய்கள் தம் உயரத்துக்கு மீறிக் காலைத் தூக்கி, அடையாளத்தை மேலே பதிக்கின்றன என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2018-இல் கண்டார்கள். அடுத்து வருகிற நாய், 'பெரிய ஆள்' என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக இருக்கலாம். டாலி அம்மா, உங்கள் பொமரேனியனைக் கவனித்துப் பாருங்கள். கிட்டத்தட்டக் குட்டிக்கரணம் அடிக்கிறது.

வாசனைக்கு வயது உண்டு என்பதை நான் வெகுநாள் யோசித்ததே இல்லை. பெல்ஃபாஸ்டில் 2005-இல் ஒரு சோதனை நடந்தது. ஒருவர் நடந்துபோன தடத்தின் குறுக்கே, பக்கவாட்டிலிருந்து நாயைக் கொண்டுபோய் விட்டார்கள். அவர் எந்தப் பக்கம் போனார் என்று நாய் சொல்ல வேண்டும். ஐந்து காலடிகள் கிடைத்தால் போதும், சரியாகத் திரும்பியது. ஐந்தாவது காலடி முதல் காலடியைவிடச் சில நொடிகள்தான் புதுசு. அந்தச் சில நொடி வித்தியாசத்தை மூக்கு அளக்கிறது. நமக்குத் தெரு என்பது இப்போது கண்ணெதிரே இருப்பது மட்டும். மிளகின் தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குறுக்கே போன பூனையும் இருக்கிறது. காற்று எதிர்த்து அடித்தால், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும் மீன்காரம்மாவும் இருக்கிறார். நாம் இன்னும் இரண்டு நிமிடம் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போகிறோம்.

'நாயின் மூக்கு மனித மூக்கைவிட லட்சம் மடங்கு' என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை மட்டும் நம்பிப் பரப்பாதீர்கள். எந்த வாசனை, எந்த நாய், எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் ஆளுக்கொன்றாக மாறும். வாசனை பிடிக்கும் செல்கள் நமக்கு ஐம்பது அறுபது லட்சம், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 20 கோடிக்கு மேல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்காக நம் மூக்கு ஒன்றும் மட்டமில்லை. பெர்க்லியில் 2006 வாக்கில் 32 பேரின் கண்ணையும் காதையும் கட்டி, கையுறை மாட்டி, புல்தரையில் முட்டிபோட வைத்து, சாக்லேட் வாசனை தோய்த்த கயிற்றின் தடத்தைப் பின்தொடரச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் கோடிவரை போய்ச் சேர்ந்தார்கள். இடதும் வலதுமாக நெளிந்து, நாய் போகிற மாதிரியே போனார்களாம். நம் குறை என்னவென்றால் நாம் மூக்கைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறோம். அப்புறம் அங்கே என்ன இருக்கிறது என்று நாயைக் கேட்கிறோம்.

இதே மூக்கு வேலைக்குப் போனால் நமக்கு உடனே மரியாதை வந்துவிடுகிறது. ரயில் நிலையத்தில் மோப்பநாய் பெட்டிகளை முகர்ந்தபடி நடந்தால் ஒதுங்கி வழி விடுகிறோம். செக் நாட்டுப் போலீஸ் நாய்களிடம் 2011-இல் ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே சாப்பாடு சாப்பிடும் ஒத்த இரட்டையர்களின் வாசனையைக் கொடுத்தார்கள். இவன் வேறு, அவன் வேறு என்று பிரித்துவிட்டன. இரட்டையர்களைப் பெற்ற தாயாருக்கே இருட்டில் சிரமம். 2021 பிப்ரவரியில் நம் ராணுவம் கொரோனாவை மோப்பத்தில் கண்டுபிடிக்கப் பழக்கிய நாய்களைத் தில்லியில் காட்டியது. காஸ்பர் என்ற காக்கர் ஸ்பேனியலோடு ஜெயா, மணி என்ற இரண்டு சிப்பிப்பாறை நாய்கள். சிப்பிப்பாறை, கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டைநாய் என்றுதான் நமக்குப் பழக்கம். அந்த இனமும் வியர்வையையும் சிறுநீரையும் மோந்து நோய் சொல்லக் கற்றுக்கொண்டது.

நோய் விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை இங்கிலாந்தின் அமர்ஷமில் நடந்தது. சிறுநீரை மோந்து மூத்திரப்பைப் புற்றைக் கண்டுபிடிக்க ஆறு நாய்களுக்குப் பழக்கினார்கள். 2004-இல் முடிவு வெளிவந்தது. 41 விழுக்காடு தடவை சரி. குருட்டுவாக்கில் கைகாட்டினால் 14 விழுக்காடுதான் சரியாக இருக்கும். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சும்மா இல்லை. கதை அதில் இல்லை. பயிற்சியின்போது, நோயில்லாதவர் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த ஒருவரின் மாதிரியை நாய்கள் விடாமல் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தன. நாய்களுக்குப் புரியவில்லை என்று நினைக்கத்தான் யாருக்கும் தோன்றும். மறுபடி பரிசோதித்துப் பார்த்தால் அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. காம்பியா நாட்டுக் குழந்தைகளின் காலுறைகளை மோந்து, யாருக்கு மலேரியா கிருமி இருக்கிறது என்று பத்துக்கு ஏழு என்ற அளவில் சொல்லவும் 2019-இல் நாய்களுக்கு முடிந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சல்கூட இல்லை.

வீட்டிலும் நம்மை மோந்துகொண்டேதான் இருக்கின்றன. பெல்ஃபாஸ்டிலேயே 2022-இல் 36 பேரை 9,000-லிருந்து பதினேழு பதினேழாகக் குறைத்துப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். நாம் என்றால் கூலி கொடுத்தாலும் மாட்டோம். எண்ணுவதற்கு முன்னால் எடுத்த மூச்சு, வியர்வை ஒரு பக்கம். எண்ணித் திணறியபின் எடுத்தது ஒரு பக்கம். நாலு நாய்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவைக்கு மேல் பதற்றத்தின் வாசனையைச் சரியாகப் பொறுக்கின. அலுவலகக் கடுப்பை முகத்தில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, மனைவியை ஏமாற்றிவிடலாம். வாலாட்டிக்கொண்டு வந்தது சட்டென்று நின்று முழங்கையை முகர்ந்தால், வேலைக்காகவில்லை என்று அர்த்தம்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம். நாய்க்கு உலகம் கறுப்பு வெள்ளை என்று என் அப்பா காலத்தில் சொல்வார்கள். தப்பு. கலிபோர்னியாவில் 1989-இல் சோதித்துப் பார்த்து, நாயின் கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் இரண்டு வகை என்று உறுதி செய்தார்கள், நமக்கு மூன்று. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒரே மங்கலில் கலந்துவிடும். பீகிள் வீட்டுப் பெண்ணே, பூங்காப் புல்லில் நீங்கள் எறிகிற சிவப்புப் பந்தை அது தேடித் தவிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நீலப் பந்து வாங்குங்கள், அறுபது ரூபாய்தான். நிறத்தில் தோற்றாலும் அசைவிலும் அரையிருட்டிலும் நாய் நம்மை முந்திவிடும். வெளிச்சத்தை இன்னொருமுறை விழித்திரைக்கே திருப்பி அனுப்பும் ஒரு பளபளப்பான படலம் கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. இரவில் ஆட்டோ விளக்கு பட்டதும் பச்சையாக மின்னுவது அதுதான். நீள மூஞ்சி ராஜபாளையத்துக்கும் தட்டை மூஞ்சி பக்குக்கும் ஒரே பார்வையும் இல்லை. முகம் நீளமான நாய்களுக்குப் பார்வை நரம்புச் செல்கள் விழித்திரையில் பட்டைபோல் குறுக்கே பரவி, அடிவானம் முழுவதையும் ஒரே நேரத்தில் அளக்கின்றன. தட்டை மூஞ்சிகளுக்கு அவை நடுவில் குவிந்திருக்கின்றன. பக் நாய் உங்கள் முகத்தையே உற்றுப் பார்ப்பதைப் பாசம் என்கிறீர்கள். பாசமும் இருக்கலாம்.

காது விஷயம் அப்படிச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாதது. ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில், மனிதக் காதுக்கு எட்டாத கீச்சு விசில் ஒன்றைச் செய்து, கைத்தடியின் நுனியில் பொருத்திக்கொண்டு மிருகக்காட்சிசாலையிலும் ஊர் ஊராகவும் அலைந்தார். சின்ன நாய்கள் திரும்பிப் பார்த்தன. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் படுத்துக்கிடந்த பெரிய நாய்கள்மேல் மணிக்கணக்கில் ஊதியும் ஒன்றுகூட அசையவில்லை என்று எழுதியிருக்கிறார். 1983-இல் சிவாவா முதல் செயின்ட் பெர்னார்டு வரை வைத்து ஒழுங்காக அளந்தபோது, உருவத்துக்கும் கீச்சொலி கேட்பதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. பெர்ன் நகரத்து நாய்களுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. சட்டை செய்யவில்லை போலிருக்கிறது. நம் காது 20,000 ஹெர்ட்ஸில் நின்றுவிடும், அதுவும் சின்ன வயதில். நாய்க்கு 45,000 வரை கேட்கும். நமக்கு அமைதியாகத் தோன்றும் அறையில், மட்டமான செல்பேசி சார்ஜரும் டியூப்லைட்டும் அதன் காதில் ரீங்காரம் செய்துகொண்டிருக்கலாம். எலி விரட்ட என்று சுவரில் சொருகும் கீச்சொலிக் கருவி வாங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பிடுங்கிவிடுங்கள். எலிக்காவது ஓடிப்போக வழி இருக்கிறது.

தீபாவளியைப் பற்றி வருடா வருடம் எழுதிச் சலித்தாயிற்று. சட்டப்படி 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடி கூடாது. தாண்டாத வெடியே நாயைக் கட்டிலுக்கடியில் அனுப்பப் போதும். நமக்கு அந்தச் சத்தம் இன்னதென்று முன்னாலேயே தெரியும், எப்போது முடியும் என்றும் தெரியும். அதற்குத் தெரியாது, கூடவே கந்தக நெடி மூக்கை அடைக்கிறது. போன வருடம் ஒரு குடியிருப்பில் நாயை மொட்டைமாடியில் கட்டிவிட்டு ஊருக்குப் போனார்கள். யார் என்று சொல்லப் போவதில்லை. அவர்களும் இதைப் படிப்பார்கள்.

மூக்கு நுனி ஈரமாக, சில்லென்று இருப்பது ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். நம் ஊர் 30 டிகிரியில் அது சுற்றியிருக்கும் காற்றைவிட 5 டிகிரி குறைவாக இருக்கும். ஸ்வீடன், ஹங்கேரி ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். அவர்கள் பழக்கிய மூன்று நாய்கள், 1.6 மீட்டர் தள்ளி இருந்த இரண்டு பொருள்களில் கொஞ்சம் சூடானது எது என்று, மோப்பமும் பார்வையும் உதவாத நிலையில், சரியாகக் காட்டின. குளிர்ந்த மூக்கு தொலைவிலிருந்து வரும் உடல்சூட்டை உணர்கிறது என்பது அவர்கள் முடிவு. மூன்றே நாய்கள் என்பதால் நான் பாதி நம்புகிறேன்.

கால்வாசிகூட நம்பாததையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 70 நாய்களின் 1,893 மலங்கழிப்புகளைத் திசைகாட்டியோடு குறித்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்கு தெற்காகத் திரும்பி உட்காருவதை விரும்புகின்றன என்று அறிவித்தார்கள். சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் அடுத்த வருடம் கிடைத்தது. நான் இரண்டு வாரம் செல்பேசித் திசைகாட்டியோடு மிளகின் பின்னால் நின்றேன். மிளகு காலியிடத்துச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்கார்வான். அந்தச் சுவர் கிழமேற்கு.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்?

நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. கால்களுக்கும் நடை வேண்டும், உங்கள் சர்க்கரைக்கும் வேண்டும். அடுத்த வீட்டுக் கோலத்தின்மேல் காலைத் தூக்க விடச் சொல்லவில்லை. பையெடுத்துப் போகாதவர்களுக்காகப் பரிந்து பேசவும் வரவில்லை. நாயைக் கண்டால் பயப்படுகிறவர் எதிரே வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அவர்களுக்கும் அது தெருதான்.

அரைமணி நடையில் பத்து நிமிடம் நாய் போகிற வழியில் போங்கள். அவ்வளவுதான். அது நின்றால் நில்லுங்கள், திரும்பினால் திரும்புங்கள். கயிறு தொய்வாக இருக்கட்டும். கழுத்தில் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை போட்டால், மூக்கை இறக்கும்போது குரல்வளை நெரியாது. மீசை மயிர்களை அழகுக்காக ஒட்ட வெட்டச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு மயிரின் வேரிலும் நரம்பு மொய்த்துக் கிடக்கிறது, இருட்டில் அது கம்பத்தில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நாயின்மேல் வாசனைத் திரவம் தெளிக்காதீர்கள். வெயில் ஏறியபின் ஓட வைக்காதீர்கள். இளைக்கிற நாயால் மோப்பம் பிடிக்க முடியாது. இஸ்ரேலில் 2003-இல் வெடிகுண்டு நாய்களை வைத்தே அதைக் காட்டிவிட்டார்கள்: ஓடிக் களைத்து இளைக்கும்போது அவற்றின் கண்டுபிடிக்கும் திறன் குறைந்தது. சித்திரை வெயிலில் எட்டு மணிக்கு நாயோடு ஜாகிங் போகிற தம்பிக்கு இதைத் தனியாகவும் சொல்லியிருக்கிறேன்.

மோந்துகொண்டு திரிவதால் நாய்க்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 2019-இல் ஷார்லட் துரான்டனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்சும் 20 வீட்டு நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதி நாய்கள் இரண்டு வாரம் வீட்டில் தினமும் மோப்பம் பிடித்துத் தீனி தேடும் விளையாட்டு விளையாடின. மீதி, எசமானரின் காலை ஒட்டி ஒழுங்காக நடக்கும் பயிற்சி செய்தன. நாம் தெருவில் செய்ய வைப்பதைத்தான். இரண்டுக்கும் தீனி உண்டு, பாராட்டு உண்டு. பிறகு ஒரு கிண்ணத்தை, உள்ளே தீனி இருக்குமா இருக்காதா என்று சந்தேகப்படும்படியான இடத்தில் வைத்தார்கள். மோப்பம் பிடித்த நாய்கள் முன்பைவிட விரைந்து ஓடிப்போய்ப் பார்த்தன. ஒழுங்காக நடந்த நாய்களிடம் அப்படி மாற்றம் இல்லை. 'அங்கே ஏதாவது இருக்கும்' என்று நம்புகிற மனசு முதல் கூட்டத்துக்கு வந்திருந்தது.

பிரவுனி கடைசி வருடத்தில் கிண்ணம் வைத்தால்கூட மெதுவாகத்தான் எழுந்து வருவாள். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். வயசாகத்தான் செய்தது. ஆனாலும்.

கணுக்கால் சரியாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து நானே வருகிறேன். ட்ரான்ஸ்ஃபார்மரின் இடதுகாலில் மிளகுக்கு நாலு நிமிடம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மீன்கடை போட்டிருந்தால் ஆறு. பால் வண்டி வருகிற நேரம் என்பதால் கொஞ்சம் நெருக்கடிதான். அவசரமாகப் போகிறவர்கள் எதிர்ப்பக்கமாகப் போய்விடுங்கள். மற்றவர்கள் வரிசையில் நின்றால், மிளகு முடித்ததும் ஒதுங்கிக்கொள்கிறோம். சீசர் அப்பா, உங்கள் ஆளை முதலில் விட எங்களுக்கு ஆட்சேபம் இல்லை; அவன் எழுதிவிட்டுப் போனால்தான் இவன் படிக்க முடியும்.

அன்புடன்,
மிளகு வீட்டுக்காரர்